ஓரிரவுக்குக் கூடிய இசைக்குழு

2007-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ஆம் தேதி லண்டன் மாநகரில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. கலைந்துபோய் ஏறக்குறைய 27 ஆண்டுகள் ஆகிவிட்ட 'லெட் ஜெப்பலின்' என்னும் ராக் இசைக்குழு, ஒரே ஓர் இரவு மட்டும் மீண்டும் கூடி முழுக் கச்சேரி ஒன்று நிகழ்த்தும் என்பதே அந்த அறிவிப்பு. நுழைவுச் சீட்டு வேண்டுவோர் இணையத்தின் வழியாகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; பதிவு செய்தவர்களுள் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சீட்டு வழங்குவோம் என்றும் கூறினார்கள். வந்து குவிந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 2 கோடி. அரங்கிலோ சுமார் 20,000 பேருக்குத்தான் இடம் உண்டு. ஆயிரம் பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைக்கும் என்பது கணக்கு.

நேயர்களே, இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். நான்கு பேர் கூடிக் கிதார் வாசிப்பதற்காக 2 கோடிப் பேர் முண்டியடிப்பதா, இது என்ன பித்து என்று அவர்கள் கேட்கலாம். பித்து என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு மனிதனுடைய ஆர்வம் எதன்மேல் செல்லுகிறது, ஏன் செல்லுகிறது, அந்த ஆர்வம் அவனை உயர்த்துகிறதா தாழ்த்துகிறதா என்று ஆராய்ந்து பார்ப்பது மாணவர்களுக்குப் பயன் தரும். ஆகவே அந்த ஒரு கச்சேரியின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

லெட் ஜெப்பலின் குழு 1968-ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தது. அதில் நால்வர். கிதார் வாசித்தவர் ஜிம்மி பேஜ். பேஸ் கிதாரும் விசைக் கருவிகளும் வாசித்தவர் ஜான் பால் ஜோன்ஸ். இவ்விருவரும் அதற்கு முன்பே லண்டன் ஒலிப்பதிவு நிலையங்களில் பிறருடைய பாட்டுகளுக்கு வாசித்துக் கைதேர்ந்தவர்கள். பாடியவர் ராபர்ட் பிளாண்ட். டிரம் வாசித்தவர் ஜான் பான்ஹம். இவ்விருவரும் இங்கிலாந்தின் நடுப் பகுதியிலிருந்து வந்த இளைஞர்கள். அப்போது இருபது வயதை ஒட்டியவர்கள். பெயர் வெளியே தெரியாதவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டன் ஜெரார்டு தெருவில் ஒரு சிறிய அறையில் நால்வரும் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே தாங்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் பொருத்தமானவர்கள் என்பதை உணர்ந்துகொண்டார்கள்.

அமெரிக்கக் கறுப்பு மக்களின் 'புளூஸ்' இசை அவர்களுக்கு அடித்தளம். அதன்மேல் மின்சாரக் கிதாரின் இடிமுழக்கத்தையும், இங்கிலாந்து நாட்டுப்புறப் பாட்டின் மென்மையையும், அராபிய இசையின் சாயலையும் சேர்த்து அவர்கள் ஒரு புதுக் கட்டடம் எழுப்பினார்கள். நமது நாட்டு இசையும் அவர்களை ஈர்த்தது. 1972-ஆம் ஆண்டில் பேஜும் பிளாண்டும் பம்பாய்க்கு வந்து, இந்திய வாத்தியக்காரர்களை வைத்துத் தங்கள் பாட்டுகள் இரண்டை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். அவர்களுடைய பெரும் புகழ்பெற்ற பாட்டுகளுள் ஒன்றுக்குக் 'காஷ்மீர்' என்றே பெயர். ஆயினும் அந்தப் பாட்டின் சொற்கள் பிறந்தது காஷ்மீரத்தில் அன்று. மொராக்கோ நாட்டின் தென்பகுதியில், வறண்ட நிலத்தின் நடுவே முடிவில்லாமல் நீண்டு கிடந்த ஒரு சாலையில் மோட்டாரில் சென்றபோது பிறந்தவை அவை.

இந்தக் குழுவில் டிரம் வாசித்த பான்ஹமின் இடம் எத்தகையது என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். பின்னால் வரும் கதைக்கு அது இன்றியமையாதது. 1971-ஆம் ஆண்டில் அவர்கள் தங்கள் நான்காம் இசைத்தட்டின் பெரும் பகுதியை ஹாம்ப்ஷயரில் 'ஹெட்லி கிரேஞ்சு' என்னும் ஒரு பழைய கட்டடத்தில் பதிவு செய்தார்கள். முற்காலத்தில் ஏழைகள் விடுதியாக இருந்த கட்டடம் அது. அதன் முன்கூடத்தில், மாடிப்படியின் அடியில், பான்ஹமின் டிரம்களை வைத்தார்கள். ஒலிவாங்கிகளை அருகில் வைக்காமல் மாடிப்படியின் மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். அடித்த ஒலி கல் சுவரிலும் உயர்ந்த கூரையிலும் மோதி மேலே எழுந்து வந்தபோது, அதுவரை எந்த இசைத்தட்டிலும் கேட்டிராத ஒரு கம்பீரம் அதில் இருந்தது. இன்றைக்கும் ஒலிப்பதிவுக் கலை பயில்வோர் அந்தப் பதிவைப் பாடமாக எடுத்துக்கொள்ளுகிறார்கள். மேடையிலோ அவர் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கைகளால் வாசிப்பதும் உண்டு. தாளம் என்பது பாட்டுக்குத் துணை என்பார்கள். இந்தக் குழுவில் அது பாட்டின் எலும்பாகவே இருந்தது.

அந்த நான்காம் இசைத்தட்டின் உறையில் குழுவின் பெயரையே அவர்கள் அச்சிடவில்லை. பெயரில்லாத அந்தத் தட்டு அமெரிக்காவில் மட்டும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் தாம்பா நகரில் அவர்கள் நிகழ்த்திய ஒரு கச்சேரிக்கு 56,000 பேருக்கு மேல் திரண்டார்கள். ஒரே குழுவின் நிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்தில் அதற்கு முன் பீட்டில்ஸ் குழு பெற்றிருந்த பெருமையை அன்று அவர்கள் கடந்தார்கள்.

இவ்வளவு உயரத்துக்குச் சென்ற குழு ஒரே நாளில் முடிந்துபோயிற்று. 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி, அளவு கடந்த குடியினால், ஜான் பான்ஹம் தூக்கத்திலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. கலைஞனின் புகழுக்குப் பின்னால் சில சமயம் மறைந்து நிற்கும் குழி எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்தச் சாவு ஒரு சான்று. அதை மறைத்துச் சொல்லுவது இளைஞர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

மற்ற மூவரும் என்ன செய்தார்கள்? வேறொரு டிரம் வாத்தியக்காரரைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து வாசித்திருக்கலாம். பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. பணமும் புகழும் காத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி அவர்கள் ஒரு சுருக்கமான அறிக்கை வெளியிட்டார்கள். அருமை நண்பரை இழந்துவிட்டோம். அவர் இல்லாமல் முன்போலத் தொடர எங்களால் இயலாது என்பது அதன் கருத்து. அதனுடன் குழு கலைந்தது.

ஒரு ரசிகரை நினைத்துப் பாருங்கள். 1971-இல் அவருக்குப் பதினாறு வயது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெயரில்லாத இசைத்தட்டை மீண்டும் மீண்டும் சுழலவிட்டுக் கேட்டவர் அவர். இருபத்தைந்து வயதில் குழு கலைந்த செய்தியைப் பத்திரிகையில் படிக்கிறார். பிறகு வேலை, திருமணம், மக்கள், கடன், நோய் என்று வாழ்க்கை ஓடுகிறது. இசைத்தட்டுகள் பரணுக்குப் போய்விடுகின்றன. அவர் மகன் ஒருநாள் அவற்றை எடுத்துத் தூசி தட்டிக் கேட்கத் தொடங்குகிறான். "அப்பா, இவர்களை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறான். பார்த்ததில்லை என்று சொல்லும்போது தந்தையின் குரல் சற்றுத் தாழ்கிறது. 2007-இல் ஐம்பத்திரண்டு வயதாகிவிட்ட அந்த மனிதருக்கு அந்த அறிவிப்பு எப்படி இருந்திருக்கும்! அவர் விண்ணப்பித்தது ஒரு கச்சேரிக்காக மட்டும் அன்று. தம்முடைய பதினாறாம் வயதையும் சேர்த்தே அவர் விண்ணப்பித்தார். அவர் அருகில் இருந்து பெயரைப் பதிவு செய்த மகனோ, தான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஒன்றைக் காண விரும்பினான். ஒரே சீட்டுக்கு இரண்டு ஆசைகள்.

ஆனால் ஆசைக்கு எதிராக அச்சமும் இருந்தது. ஏனெனில் இதற்கு முன்பும் அவர்கள் கூடியிருக்கிறார்கள். கூடித் தோற்றும் இருக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட நடந்த 'லைவ் எய்டு' நிகழ்ச்சியில் மூவரும் பிலடெல்பியா நகர மேடையில் தோன்றினார்கள். போதிய ஒத்திகை இல்லை; கிதாரில் சுருதி சேரவில்லை; பாடகரின் தொண்டை கட்டியிருந்தது. அன்றைய வாசிப்பில் அவர்களுக்கே மனநிறைவு இல்லை. பின்னாளில் அந்த நிகழ்ச்சி குறுந்தகடாக வெளிவந்தபோது, தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்கள் இசையவே இல்லை. 1988-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு முறை கூடினார்கள், அதுவும் சோபிக்கவில்லை. 1994-இல் பேஜும் பிளாண்டும் மட்டும் சேர்ந்து இசைப்பயணம் தொடங்கினார்கள்; ஜோன்ஸை அழைக்கவில்லை. மறு ஆண்டு அமெரிக்காவில் ஒரு பாராட்டு விழாவில் மூவரும் ஒரே மேடையில் நின்றபோது, என்னுடைய தொலைபேசி எண்ணை ஒருவாறு நினைவு வைத்துக்கொண்டதற்காக என் நண்பர்களுக்கு நன்றி என்ற பொருள்படப் பேசினார் ஜோன்ஸ். கூட்டம் சிரித்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு முள் இருந்ததை அறிந்தவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் 2007-இல் அவர்களை ஒன்று சேர்த்தது எது? ஒரு மனிதருக்குச் செலுத்த வேண்டிய நன்றிக் கடன். அகமது எர்டிகன் என்பவர் துருக்கி நாட்டவர். அமெரிக்காவில் துருக்கியின் தூதராக இருந்தவருடைய மகன். இளமையிலேயே கறுப்பு மக்களின் இசையில் உள்ளத்தைப் பறிகொடுத்து, 1947-ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 'அட்லாண்டிக்' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ரே சார்லஸ், அரீதா பிராங்கிளின் போன்ற பெரும் பாடகர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட நிறுவனம் அது. லெட் ஜெப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டும் 1969-இல் அதன் வழியாகவே வெளிவந்தது. எர்டிகன் 2006-ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் இசை நிகழ்ச்சிக்குச் சென்றிருந்த இடத்தில் தவறி விழுந்து, டிசம்பரில் காலமானார். அவர் பெயரால் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்க நிதி திரட்டுவதற்காகவே இந்த மூவரும் கூட இசைந்தார்கள்.

நான்காமவர் யார்? அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் ரசிகர்களின் நெஞ்சம் ஒப்பாது. ஒருவர்தாம் உட்காரலாம். அவர் ஜேசன் பான்ஹம், இறந்தவரின் மகன். தந்தை இறந்தபோது அவருக்கு வயது 14. 1976-இல் வெளிவந்த ஒரு படத்தில், தந்தையின் அருகே ஒரு சிறுவன் தன்னளவுக்கு ஏற்ற சிறு டிரம்களை வாசிப்பதைக் காணலாம்; அந்தச் சிறுவன் இவர்தாம். 1988-இல் நியூயார்க்கில் வாசித்தவரும் இவரே. ஆனால் அன்று அவர் இருபத்தொரு வயது இளைஞர். இப்போது 41 வயது. தந்தை வாழ்ந்த வயதைக் காட்டிலும் ஒன்பது ஆண்டு மூத்தவர். தந்தையின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தவர்.

சீட்டின் விலை 125 பவுண்டு. கள்ளச் சந்தையில் விற்பவர்களைத் தடுக்க, சீட்டு பெற்றவர் தம் அடையாளச் சான்றுடன் நேரில் வந்தாலொழிய உள்ளே விடுவதில்லை என்று விதி செய்தார்கள். குழந்தைகள் நல நிதிக்காகப் பி.பி.சி. வானொலி நடத்திய ஓர் ஏலத்தில், ஓர் இளைஞர் இரண்டே சீட்டுகளை 83,000 பவுண்டுக்கு எடுத்தார் என்றால் ஆர்வத்தின் அளவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கச்சேரி நவம்பர் 26-ஆம் தேதி நடப்பதாக இருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜிம்மி பேஜ் விழுந்து கைவிரல் எலும்பு முறிந்துபோயிற்று. ரசிகர்கள் கலங்கினார்கள். விரல் ஆறுவதற்காக டிசம்பர் 10-ஆம் தேதிக்கு நிகழ்ச்சியைத் தள்ளி வைத்தார்கள். வெளியே இவ்வளவு ஆரவாரம் நடந்துகொண்டிருந்தபோது, நால்வரும் வெளியார் எவரும் அறியாமல் பல வாரங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1985-இல் கற்ற பாடத்தை அவர்கள் மறக்கவில்லை.

அந்த இரவும் வந்தது. லண்டன் கிரீனிச்சில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஓ-டூ அரங்கம். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் குளிரில் முன்கூட்டியே வந்து வாயிலில் தங்கியிருந்தார்கள். விளக்குகள் அணைந்தன. திரையில் 1973-ஆம் ஆண்டுத் தாம்பா கச்சேரியைப் பற்றிய பழைய தொலைக்காட்சிச் செய்தி ஓடிற்று. அது மறைந்ததும், 1969-இல் வந்த தங்கள் முதல் இசைத்தட்டின் முதல் பாட்டை அவர்கள் எடுத்தார்கள். எங்கே தொடங்கினார்களோ அங்கிருந்தே மீண்டும் தொடங்கினார்கள்.

பேஜுக்கு அன்று வயது 63. தலை முழுதும் நரைத்திருந்தது. ஜோன்ஸுக்கு 61, பிளாண்டுக்கு 59. இருபத்திரண்டு வயதில் பாடிய உச்சத்தை ஐம்பத்தொன்பது வயதில் தொடலாமா? தொட முயன்று குரல் உடைந்தால் கேட்பவருக்கும் வேதனை, பாடுபவருக்கும் இழிவு. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல பாட்டுகளுக்குச் சுருதியைத் தாழ்த்திக்கொண்டார்கள். நம்மிடையே வயது முதிர்ந்த வித்துவான் ஒருவர் கட்டையைக் குறைத்துக்கொண்டு பாடும்போது, வேகம் குறைந்தாலும் பாவம் கூடுவதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? அதே நிலைதான் அங்கும். தம் வயதை ஒப்புக்கொண்டு பாடியதனால் அந்தப் பாட்டுகளுக்கு இளமையில் இல்லாத ஓர் ஆழம் வந்து சேர்ந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல், 16 பாட்டுகள். எட்டு நிமிடம் நீளும் 'ஸ்டெர்வே டு ஹெவன்' என்னும் புகழ்பெற்ற பாட்டு முடிந்ததும், பிளாண்ட் மேல்நோக்கிப் பார்த்து அகமதின் பெயரைச் சொல்லி, செய்து முடித்துவிட்டோம் என்று கூறினார். 'காஷ்மீர்' பாட்டில் ஜேசனுடைய டிரம் ஒலி எழுந்தபோது அரங்கமே அதிர்ந்தது. மகனுடைய கையில் தந்தையைக் கேட்டவர்கள் பலர். ஆனால் வெறும் போலி செய்து அவர் அந்தப் பாராட்டைப் பெறவில்லை. தந்தையின் நடையைத் தெரிந்துகொண்டு தம் கையால் வாசித்தார். போலி செய்திருந்தால் அது நினைவுச் சின்னம் ஆகியிருக்கும், கச்சேரி ஆகியிருக்காது.

மறுநாள் காலைப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே குரலாகப் பாராட்டின. உடனே ரசிகர்களிடமிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. எங்கள் ஊருக்கு எப்போது? ஒரே ஓர் இரவு போதுமா? உலகம் முழுவதும் சுற்றி வரலாகாதா? பேஜும் ஜோன்ஸும் ஜேசனும் அதற்கு ஆயத்தமாகவே இருந்தார்கள். பெரும் பணம் காத்திருந்தது. இசையாதவர் ஒருவர், பாடகர் பிளாண்ட். அந்த ஆண்டு அக்டோபரில்தான் அவர் அலிசன் கிராஸ் என்னும் அமெரிக்கப் பாடகியுடன் சேர்ந்து ஒரு புது இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். மெல்லிய, அமைதியான பாட்டுகள் அவை. அந்தப் பாதையிலேயே செல்ல அவர் விரும்பினார். மற்ற மூவரும் 2008-இல் வேறு பாடகர்களை வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 2009-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த முயற்சியையும் கைவிட்டார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் பிளாண்டும் கிராஸும் பாடிய அந்தப் புது இசைத்தட்டுக்குச் சிறந்த தட்டுக்குரிய 'கிராமி' பரிசு கிடைத்தது.

சீட்டு கிடைக்காமல் வீட்டில் இருந்தவர்களை இங்கே மறந்துவிடக் கூடாது. ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைத்தது என்றால், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கச்சேரியின் படம் 'செலிப்ரேஷன் டே' என்ற பெயரில் திரைக்கு வந்தபோதுதான் அவர்கள் அதைக் காண முடிந்தது. நாம் சற்று முன் நினைத்துப் பார்த்த அந்தத் தந்தையும் மகனும் ஒருவேளை அப்போதுதான் அருகருகே அமர்ந்து பார்த்திருக்கக்கூடும்.

பிளாண்ட் செய்தது சரியா? ரசிகர்களுள் பலர் அவர்மேல் இன்றும் மனக்குறை கொண்டவர்கள். இத்தனை கோடிப் பேருடைய அன்பைப் பெற்றவனுக்கு அந்த அன்புக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றும் இல்லையா என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கலைஞனை வளர்ப்பவன் ரசிகன்தான். ஆனால் அன்பு எந்த இடத்தில் உரிமையாக மாறுகிறது, உரிமை எந்த இடத்தில் விலங்காக மாறுகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐம்பத்தொன்பது வயது மனிதரை இருபத்திரண்டு வயதாகவே இருக்கச் சொல்லி ஊர் ஊராக நிறுத்துவது அவருடைய கலைக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? நூறு ஊர்களில் பாடியிருந்தால், அந்த ஓர் இரவின் உண்மை நூறாகப் பெருகியிருக்குமா, நூறாகப் பங்குபட்டுத் தேய்ந்திருக்குமா? என் கருத்து இரண்டாவதுதான். ஆயினும் சீட்டு கிடைக்காத ஒரு ரசிகர் என்னுடன் வாதிட வந்தால், அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே சொல்லுவேன்.

அன்புக்கு மறுபுறம் ஒன்று உண்டு, வணிகம். இதற்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஒன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த 'ஓயாசிஸ்' குழுவின் உயிர்நாடி நோயல், லியம் என்னும் கல்லகர் சகோதரர்கள். அண்ணனும் தம்பியும் 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரீஸில் மேடை ஏறுவதற்குச் சற்று முன் சண்டையிட்டுக்கொண்டு பிரிந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி, தாங்கள் மீண்டும் கூடப்போவதாக அறிவித்தார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி கார்டிஃப் நகரில் முதல் கச்சேரி நடந்தது. உடன்பிறந்தார் இருவர் மேடையில் கைகோத்து வந்ததைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் அந்தச் சீட்டுகள் விற்ற நாளில் என்ன நடந்தது? இணையத்தில் மணிக்கணக்காக வரிசையில் காத்திருந்த இளைஞர்கள் பலர், தங்கள் முறை வந்தபோது, சுமார் 150 பவுண்டாக இருந்த சீட்டு 350 பவுண்டுக்கு மேல் ஏறிவிட்டதைக் கண்டார்கள். கேட்பவர் தொகை மிகுந்தால் விலையை உயர்த்தும் முறை அது. பிரிட்டிஷ் அரசின் வணிகப் போட்டி ஆணையம் அதைப் பற்றி விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. ரசிகனுடைய படபடப்பை அளந்து விலை வைக்கக் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2007-இல் குலுக்கல் முறையும் ஒரே விலையும் வைத்திருந்ததனால், செல்வரும் எளியவரும் ஏறக்குறைய ஒரே நம்பிக்கையுடன் பெயரைப் பதிவு செய்ய முடிந்தது. அதுவும் கலைக்குச் செய்த மரியாதைகளுள் ஒன்று.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் விருப்பமான பாடகர்கள் இருப்பார்கள், குழுக்கள் இருக்கும். அவர்கள் கூடினால் துள்ளுவீர்கள், பிரிந்தால் வருந்துவீர்கள். துள்ளுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நமக்குப் பயன் ஒன்றும் தராத ஒன்றை முழு உள்ளத்தோடு விரும்பத் தெரிந்தவனுக்கே உலகில் பல நல்ல பொருள்கள் புலப்படும். ஆனால் அந்த ஆர்வத்தோடு இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் விரும்புவது அவர்களுடைய கலையையா, அல்லது அதைக் கேட்டபோது இருந்த என்னையேயா? என்னுடைய அன்பு அவர்களை வளரவிடுகிறதா, நிற்கும் இடத்திலேயே கட்டிப் போடுகிறதா?

2012-ஆம் ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் முன்னிலையில் லெட் ஜெப்பலின் மூவருக்கும் ஒரு பாராட்டு விழா நடந்தது. அன்று அவர்கள் மேடையில் இல்லை. மாடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாட்டை வேறு சிலர் பாடினார்கள். டிரம் வாசித்தவர் ஜேசன். ஒரு பெரும் பாடகர் குழாம் பின்னால் எழுந்து நின்று சேர்ந்து பாடிற்று. பிளாண்டின் கண்கள் கலங்கியிருந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. மீண்டும் பாட வேண்டாம் என்று மறுத்தவர், தம் பாட்டைப் பிறர் பாடக் கேட்டபோது, அங்கிருந்த ரசிகர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தார்.